கூறைப் புடவைக்குள் அழுத பேய்

பயந்தாங்கொள்ளிகள்தான் பேய் கேமை விழுந்து விழுந்து ஆடுவார்கள். இதற்கு வேறு சாட்சி வேண்டாம், நான் இருக்கிறேன்.

கல்லூரி நாட்களில் என்னிடம் கையில் வைத்து ஆடும் கேம் கருவி ஒன்று இருந்தது. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் சீட், காதில் ஹெட்போன், உள்ளங்கை அகலத் திரையில் ஒரு பாழடைந்த ஆஸ்பத்திரி. அதற்குள் ஒரு பெண் பேய். நாம் அசையாமல் நின்றால் அழுதுகொண்டே கிட்டே வருவாள். பக்கத்து ஊரான தாமலைத் தாண்டுவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிடும். (கண்டக்டர் ஒருமுறை, "இன்னாப்பா, காய்ச்சலா?" என்று கேட்டிருக்கிறார்.)

நான்கு வருடத்துக்கு முன் அதே கேமை டிவியில் இணைத்து ஆடும் பெரிய கன்சோலுக்கு மறுபடி வெளியிட்டார்கள். "கையளவு திரையில் பயமுறுத்தியது பெரிய டிவியில் பல்லிளிக்கும்" என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய மனுஷன் மாதிரி தீர்ப்பு சொன்னேன். சொன்ன கையோடு வாங்கியும்விட்டேன். ஆட நேரம் கிடைத்தது ஒரு ஞாயிறு காலை. அன்றைக்குத்தான் அக்காவின் கூறைப் புடவையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள்.

கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் உரிமை. ஆனால் என் அப்பா நெசவாளி. மகள் கல்யாணத்துக்கென்று அரக்குச் சிவப்பில் ஒரு புடவையைத் தன் கையாலேயே நெய்து வைத்திருந்தார். "வந்து பாக்கறோம் சம்மந்தி. மனசுக்குப் பட்டா அதே. இல்லாட்டி கடையில எடுத்துக்கறோம்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார். அதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

நானோ ஹாலில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குள் இருந்தேன். முதல் பத்து நிமிடம் என் தீர்ப்பு பலித்தது. பேயின் முகம் பெரிய திரையில் தண்ணீர் கூடிப்போன இட்லி மாவு மாதிரி இருந்தது. இரண்டடி நடந்தால் ஒரு கதவு, திறந்தால் இன்னொரு கதவு. 'ஐயோ பாவம்' என்று நினைத்துக்கொண்டே அசையாமல் நின்றேன்.

அழுகை டிவியிலிருந்து வரவில்லை. என் கையிலிருந்த கண்ட்ரோலரிலிருந்து வந்தது! அதிலிருந்த குட்டி ஸ்பீக்கரில் அவள் விசும்ப விசும்ப, உள்ளங்கையெல்லாம் அதிர்ந்தது. அன்று காதுக்குள் வந்தவளை இன்று கைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். இதை யோசித்தவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

"டேய், வந்துட்டாங்கடா!" என்று அம்மா கத்தினாள். அரை மணி முன்னதாகவே! நான் டிவியை அணைத்தேன். கேமை நிறுத்த மறந்தேன். கண்ட்ரோலரை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், பாயில் அடுக்கியிருந்த பட்டுப் புடவைகளின் நடுவே சொருகினேன். (நெசவாளி வீட்டில் பிறந்தவன் செய்கிற வேலையா இது?)

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார, அவர் அம்மா காபி குடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். அடுக்கின் மேலேயே அப்பாவின் அரக்குச் சிவப்பு. எங்கள் பக்கம் கூறையைத் தொட்டுத்தான் பார்ப்பார்கள், தூக்கமாட்டார்கள். தூக்கினால் எடுத்ததாக அர்த்தம், திரும்ப வைக்கக் கூடாது. அவர் கரையை மெல்லத் தடவினார்.

"வேலை நல்லாத்தான் இருக்குது..."

புடவை விசும்பியது. பிறகு நடுங்கியது.

அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "இன்னா சம்மந்தி இது, கூறையில அழுகை கேக்குது? வேணாம்பா. நாங்க கடையிலயே பாத்துக்கறோம்."

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அக்காவின் கண் கலங்கியது. இனி உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவிடமே சொன்னேன், என் அழகில்.

"அத்தை, அழறது பொடவை இல்ல. பேய்."

"இன்னாது?"

"என்னோட பேய்தான் அத்தை. ஒண்ணும் பண்ணாது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் கண்ட்ரோலரை உருவி எடுத்தேன். அது என் கையில் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"இத்தினூண்டு சாமான் அழுவுதா? எங்க, காட்டு பாக்கலாம்" என்றார் அத்தை.

டிவியைப் போட்டேன். நான் விட்டுவிட்டுப் போன நேரமெல்லாம் கேமுக்குள் அசையாமல் நின்றிருந்தேன் அல்லவா, அவள் சரியாக அப்போது வந்து சேர்ந்தாள். திரை முழுக்க முகம், ஹால் முழுக்க அலறல். அதே இட்லி மாவு முகம்தான், ஆனாலும் கூடியிருந்த அத்தனை பேரும் வீறிட்டார்கள். மாப்பிள்ளையின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

அத்தை கைக்குக் கிடைத்ததை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அரக்குச் சிவப்பு.

அவர் குனிந்து மடியைப் பார்த்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெயிலில் முந்தானையை விரித்து, திருப்பி, அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

"அவ்ளோ பயத்துலயும் கை இதத்தான புடிச்சுது" என்றார். "இதே இருக்கட்டும் சம்மந்தி."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. (பிறகு அம்மா கொடுத்ததற்கு வேறு தனியாக அழுதேன்.)

அன்று மதியமே வாட்ஸ்அப்பில் தீர்ப்பைத் திரும்பப் பெற்றேன். முகம் பழசு, கதவுகள் பழசு. பயம் மட்டும் புத்தம் புதுசு. அன்று பஸ்ஸில் எனக்கு ஒருவனுக்கு மட்டும் சட்டை நனைந்தது, இன்று இரண்டு குடும்பத்துக்கும் நனைந்துவிட்டது. வேறென்ன வேண்டும் ஒரு பேய்க்கு?

அக்கா இன்றும் விசேஷங்களுக்கு அந்தப் புடவையைத்தான் கட்டுகிறாள். அவள் மண்டபத்துக்குள் நுழைந்தால் போதும், அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்:

"தம்பி, பொடவைக்குச் சார்ஜ் போட்டியாப்பா?"