செவிச் சித்தரும் சாகாத புருஷனும்

செவிச் சித்தர் ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊர்ப் பெரியவர்களில் பாதிப்பேர் காதில் பஞ்சோடு திரிந்தார்கள். சாதாரணப் பஞ்சு இல்லை, மந்திரித்த பஞ்சு. மருந்துக்கடைப் பஞ்சுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்றால், விலைதான்.

வயதானவர்கள் திடீரென்று வாடிப்போகிறார்களா? பேச்சு குறைந்துவிட்டதா? சாப்பாடு இறங்கவில்லையா, தூக்கம் பிடிக்கவில்லையா, ஒன்றுமில்லாததற்குக் கண் கலங்குகிறதா? கவலையே வேண்டாம். செத்துப்போன சொந்தக்காரர் யாரோ மேலேயிருந்து கூப்பிடுகிறார், அவ்வளவுதான். சித்தர் ஒரு செம்புக் குழலின் ஒரு முனையைப் பெரியவரின் உச்சந்தலையில் வைப்பார், மறுமுனையில் தன் காதை வைப்பார். கூப்பிடுவது யார், என்ன சொல்கிறார் என்று அப்படியே எடுத்துச் சொல்வார். அப்புறம் பஞ்சு. அதை வைத்துக்கொண்டால் மேலேயிருந்து வரும் குரல் கேட்காது. கீழேயிருந்து வருவதும் கேட்காதுதான். "அப்பா இப்பல்லாம் நச்சரிக்கிறதே இல்லை" என்று பிள்ளைகள் பூரித்துப்போனார்கள். வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாத மனுஷன் எதை வைத்து நச்சரிப்பார்?

சித்தர் ஒரே ஒரு பத்தியம் வைத்திருந்தார். டாக்டர் மாத்திரை கூடாது. "மாத்திரை போட்டா குழல்ல ஒரே இரைச்சல்" என்பார். நல்ல குழல்!

இந்தக் கதையெல்லாம் டிரில் டீச்சரிடம் எடுபடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். வயிற்றுவலி என்று படுத்த பிள்ளைகளில் யாருக்கு நிஜமாக வலிக்கிறது, யாருக்கு ஓட வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தன் வீட்டுக்காரருக்கு நிஜமாகவே வலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டி டிரைவராக இருந்தவர். மணி அடித்தால் சட்டைப் பொத்தானை வண்டியில் ஏறித்தான் போடுவார். அப்படிப்பட்ட மனுஷன் இப்போது சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கூடவே வண்டியில் போன கூட்டாளி இறந்த பிறகு ஆரம்பித்தது. முதலில் சவரம் நின்றது, பிறகு செய்தித்தாள், பிறகு பேச்சு. விடியுமுன்னே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பார். ஒருநாள் காலை டீச்சர் தோளைத் தொட்டு எழுப்பியபோது திரும்பாமலே சொன்னார்:

"என்னை விட்டுடும்மா. நான் இருந்து என்ன ஆகப்போகுது? போயிட்டா உங்களுக்காவது நிம்மதி."

டீச்சர் அன்றைக்கே மனநல டாக்டரிடம் போகலாம் என்றார். வங்கியில் வேலை பார்க்கும் மகள் குறுக்கே விழுந்தாள்.

"மனசு டாக்டர்கிட்டயா? அப்பாவுக்கு என்ன பைத்தியமா? நாலு பேரு என்னம்மா சொல்லுவாங்க? ஆபீஸ்ல எல்லாரும் சித்தர்கிட்டதான் போறாங்க. ஒரே ஒரு தடவை. சரியாகலைன்னா சாயங்காலமே உன் டாக்டர்கிட்ட போலாம்."

"சாயங்காலமே. வார்த்தை மாறக் கூடாது" என்றார் டீச்சர்.

சித்தரின் சந்நிதி மூடிப்போன ஒரு பர்னிச்சர் கடை. விற்காத சோபாக்களில் பக்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலவற்றில் விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு மேடை, மைக், பின்னால் திரை. மகள் டோக்கன் வாங்க வரிசையில் நின்றாள். டிரைவர் மூன்றாவது வரிசை ஓரத்து சோபாவில் உட்கார்ந்து, பழக்கம் மாறாமல் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் இடமில்லாததால் டீச்சர் முன்வரிசைக்குப் போனார்.

அங்கே ஓர் அம்மாள் எல்லோருக்கும் வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தேன் ஒழுகும் குரல். டீச்சருக்கு அடுத்து இருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரிடம் குனிந்து, "வீட்ல யாருங்கண்ணா தவறிட்டாங்க?" என்று உருகினாள். அவர் கண் கலங்கி, ஆற்றோடு போன தம்பியைப் பற்றிச் சொன்னார். அவன் வாசித்த மவுத் ஆர்கனைப் பற்றியும் சொன்னார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரைக்குப் பின்னால் போனாள்.

கொஞ்ச நேரத்தில் போஸ்ட்மாஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சித்தர் குழலில் காதை வைத்தார், கண்ணை மூடினார், உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார்.

"தண்ணி... ஆத்துத் தண்ணி. சின்னப் பையன் ஒருத்தன். வாயில வச்சு என்னமோ ஊதறான்..."

டோக்கன் வரிசையிலிருந்த மகளுக்குப் புல்லரித்தது. டீச்சருக்கும் ஏதோ அரித்தது. வேறு இடத்தில்.

பரீட்சை மண்டபத்தில் நடைபோட்டவருக்கு இது புதிதா? பார்த்து எழுதுகிறவன் பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவான். அவனைப் பிடிக்க ஒரு தப்பு போதும். வெந்நீர் அம்மாள் திரும்பி வந்ததும் டீச்சர் ஒரு தப்பைக் கொடுத்தார்.

"என் புருஷன் போய்ச் சேர்ந்துட்டாரும்மா. பூனையைக் காப்பாத்த ஏணியில ஏறினவரு, அப்படியே விழுந்துட்டாரு. கடைசி மூச்சுல 'கண்ணு, கண்ணு'ன்னு என்னைக் கூப்பிட்டாரு." கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினார். அந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவரைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. நல்ல சந்தர்ப்பத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது.

மேடையில் செம்புக் குழல் டீச்சரின் உச்சந்தலையில் சில்லென்று உட்கார்ந்தது.

"பூனை கத்துது... ஏணி ஒண்ணு ஆடுது... ஆம்பளைக் குரல். 'கண்ணு, கண்ணு'ங்குது. உங்க வீட்டுக்காரரும்மா!"

"ஐயோ, அவரா? என்னய்யா சொல்றாரு?"

"மேல ரொம்பக் குளிருதாம். தனியா இருக்க முடியலையாம். உங்களை வா வான்னு கூப்பிடுறாரு."

"மேலேயிருந்தா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"இந்தக் குழல் பொய் சொல்லாதும்மா."

டீச்சர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். விளையாட்டு மைதானத்தின் கடைசிப் பிள்ளை வரை எட்டும் அந்தப் பழைய குரலை எடுத்தார்.

"மூணாவது வரிசை, ஓரத்து சோபா! எந்திரி!"

டிரைவர் சடக்கென்று எழுந்து நின்றார். கட்டளைக்கு எழுந்தே பழகிய உடம்பு.

"இவருதான்யா என் புருஷன். குளிருதுன்னு சொன்னீங்களே, ஸ்வெட்டர் போட்டுத்தானே கூட்டிட்டு வந்தேன்!"

டிரைவர் விழித்தார். சித்தரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நான் எப்பம்மா செத்தேன்? எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

கூடம் வெடித்தது. ஆனால் சித்தர் லேசில் விடுகிற ஆளா? "இவரு இல்லம்மா, இது உங்க போன ஜென்மத்துப் புருஷன்!" என்றார். "அட, ஆமா, அப்படியும் இருக்கலாம்ல" என்று நாலைந்து தலைகள் ஆடின. ஆடும் தலைகளுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

"சரிய்யா, இருக்கட்டும். இப்பத்தான் வாசல்ல நுழையிறாங்களே, அந்தப் பெரியம்மாவுக்குச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு, அவங்க இன்னும் வெந்நீர் குடிக்கலை" என்றார் டீச்சர்.

"ஆமாய்யா, அவங்க குடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க!" என்று போஸ்ட்மாஸ்டர் எழுந்து நின்று கத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது.

பெரியம்மா மேடையேறினார். சித்தர் குழலில் காதை அழுத்தினார். வியர்த்தது.

"ஒரு ஆம்பளை... அப்பா மாதிரி..."

"எங்கப்பாவா? தொண்ணூத்தாறு வயசு. வீட்ல பேப்பர் படிச்சிட்டு இருக்காரு."

"அப்ப அண்ணன்..."

"நான் ஒத்தைப் பொண்ணுங்க."

"ஒரு... நாய்?"

அப்போதுதான் குழலே பேசியது. குழலுக்குள் ஒளித்து வைத்திருந்த குட்டி ஒலிபெருக்கியிலிருந்து அதே தேன் குரல், பக்கத்து மைக் வழியாகக் கூடம் முழுக்க ஒலித்தது: "நாயெல்லாம் வேண்டாங்க, ஏதாச்சும் சொல்லிட்டுக் கீழ இறங்குங்க!"

யாரோ திரையை இழுத்தார்கள். பின்னால் வெந்நீர் அம்மாள் ஒரு கையில் போனும் மறு கையில் வெந்நீர்க் கெண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்கப் பஞ்சுகள் பறந்தன. போலீஸ் வந்தபோது சித்தர் ஒரு கட்டிலுக்கு அடியில் இருந்தார். அதிலும் விலைச்சீட்டு தொங்கியது.

டாக்ஸியில் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் சிரிப்பு நின்றது. கண்ணில் தண்ணீர்.

"சிரிச்சேன். ஆனா நெஞ்சுல ஒரு கல்லு இருக்கும்மா. அது அப்படியே இருக்கு."

"தெரியும். அதுக்குத்தான் இப்ப டாக்டர்கிட்ட போறோம்" என்று டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

முன்சீட்டில் மகள் தேம்பினாள். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீ எங்கம்மா என்னைக் கேட்டே? சித்தரைத்தானே கேக்க வந்தே."

டாக்டர் அவசரப்படவில்லை. தூக்கம், பசி, செத்துப்போன கூட்டாளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு நேராகவே கேட்டார்: "செத்துடலாம்னு தோணியிருக்கா?" மகள் பதறினாள். டிரைவர் பதறவில்லை.

"தோணியிருக்கு. இவ்வளவு நேரா யாரும் கேட்டதில்லை. கேட்டதுமே கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு டாக்டர்."

"இதுக்குப் பேரு மனச்சோர்வு. வியாதிதான், குணமாகும். வயசானா இப்படித்தான்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவுல நிறுத்தக் கூடாது. அந்த நினைப்பு திரும்ப வந்தா, எந்த நேரமானாலும் வீட்ல சொல்லுங்க, எனக்கும் போன் பண்ணுங்க. வீட்ல இருக்கிறவங்க இவரைத் தனியா விடாதீங்க. வாரம் ஒருதடவை இங்க வந்து பேசுங்க."

மாயமந்திரம் எதுவும் நடக்கவில்லை. முதல் வாரங்களில் சுவரைப் பார்த்துத்தான் படுத்தார். டீச்சர் சுவருக்கும் அவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேசினால் கேட்டார், பேசாவிட்டால் சும்மா இருந்தார். மகள் அலுவலகம் விட்டு வந்ததும் அப்பாவோடு ஒரு நடை போனாள். ஒரு காலையில் குளியலறையில் அவர் சவரத்துக்குச் சோப்பு நுரைக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் அடுப்படியிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாதங்கள் கழித்து, போஸ்ட்மாஸ்டர் சீட்டாட வந்தபோது டிரைவர் கள்ள ஆட்டம் ஆடிப் பிடிபட்டார். அன்றைக்குத்தான் டீச்சருக்கு முழு நம்பிக்கை வந்தது. இன்னமும் சில நாள் கல் திரும்பி வரும். வந்தால் அவரே வாய்விட்டுச் சொல்கிறார்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டீச்சர், விஷயம் தெரியுமா? நிழலை அளந்தே நோயைச் சொல்ற சாமியார் ஒருத்தர் வந்திருக்காராம்! எங்க மாமியார் ஒரு மாசமா யார்கிட்டயும் பேசுறதில்லை, அழுதுக்கிட்டே இருக்காங்க. கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்."

"உங்க மாமியார் இப்ப எங்க?"

"வீட்லதான். உள் ரூம்ல."

"ஏன் அழறீங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

எதிர்வீட்டு அம்மா தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலை."

"மொதல்ல போய் அதைக் கேளுங்க. அப்புறம் டாக்டர்கிட்ட போலாம், நானும் வர்றேன்" என்று டீச்சர் செருப்பை மாட்டினார். "ஆள் உள்ள உயிரோட உக்காந்திருக்கும்போது நிழல்கிட்ட விசாரிக்கப் போறீங்களே, கழுத்துக்கு மேல இருக்கிறது என்ன, தலைவாரிக்க மட்டுமா?"