ஆன்டி, ஹைபீம் போடுங்க!

இலவசமாகப் படிப்பதில் ஒரு பெரிய சௌகரியம், புரியாத பாடத்தைத் தாண்டிப் போனால் கேட்க ஆளில்லை. ஆபத்தும் அதுவேதான். கணிதம், பௌதிகம், எலெக்ட்ரானிக்ஸ் மூன்றையும் நான் இன்டர்நெட்டில் இப்படித் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். (ஆபீசில் குமாஸ்தா, மண்டைக்குள் விஞ்ஞானி.)

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டில் ரிமோட்டால் திறக்கும் ஆட்டோ கேட் பழுதானபோது, ஆளைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. "நான் எதுக்குப்பா இருக்கேன்?" என்றேன். ரிமோட்டையே ஒழித்துவிட்டு, கேட் தூணில் ஒரு சென்சார் வைத்தேன். கார் விளக்கு பட்டால் கேட் திறக்கும், இருட்டினால் மூடிக்கொள்ளும். தினமும் வேலை முடிந்து வந்து, பொழுது சாய்ந்த பிறகு சோதித்தேன். அற்புதமாக வேலை செய்தது. பகல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு பிற்பகல், செமினியிலிருந்து சரவணனும் அவர் அம்மாவும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். போனில் பேசியே சரவணனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவர் அம்மா சரி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "எலெக்ட்ரானிக்ஸ் கிலெக்ட்ரானிக்ஸ்னு வாயத் தொறந்தே, பாத்துக்கோ" என்று என் அம்மா எச்சரித்திருந்தார்.

வெயிலில் கேட் தன் பாட்டுக்குத் திறந்தே கிடந்தது. ("பாத்தீங்களா, வரவேற்குது" என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.) சரவணன் உள்ளே வந்துவிட்டார். காரை ஓட்டி வந்த அவர் அம்மா, பழத்தட்டை எடுக்க ரோட்டில் நிறுத்திய காருக்குத் திரும்பிப் போனார். மழை மேகம் திரண்டது. கேட் மூடிக்கொண்டது. வெயில் எட்டிப் பார்த்தது, திறந்தது. அவர் ஓரடி வைத்தார். மறுபடி மேகம், மறுபடி மூடல். தட்டு சரிந்து ஆரஞ்சுகள் சாக்கடைக்குள் உருண்டன. அப்புறம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

"தொறந்து விடுடி!" என்று அப்பா கத்தினார். (உள்ளே ஒரு பட்டன் வைத்திருக்கலாமே என்கிறீர்களா? அது அடுத்த பாடம்.) பட்டுப்புடவையோடு கேட்டுக்கு ஓடினேன்.

"ஆன்டி! காரை இந்தப் பக்கம் திருப்பி ஹைபீம் போடுங்க!"

பெண் பார்க்க வந்தவரிடம் பெண் பேசிய முதல் வாக்கியம் அது. என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேட் திறந்தது. அணைத்தால் மூடிவிடுமே என்று விளக்கை எரியவிட்டே சரவணனின் அம்மா உள்ளே வந்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

"இதெல்லாம் எங்க படிச்சேம்மா?"

"இன்டர்நெட்ல ஆன்டி. ஃப்ரீயா."

"தெரியுது லா."

பலகாரம் முடிவதற்குள் கேட் மறுபடி மூடிக்கொண்டது. கார் பேட்டரி செத்துவிட்டது! சரவணன் எழுந்து போய், கம்பி வழியே கையை விட்டு, போன் டார்ச்சைச் சென்சாரில் காட்டினார். கேட் திறந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை.

மானத்தைக் காப்பாற்ற, அப்பா காரிலிருந்து வயர் கொடுத்து அவர்கள் காரை நானே ஸ்டார்ட் செய்தேன். (அந்த ஒரு பாடத்தை முழுசாகப் பார்த்திருந்தேன்.) முதல் தடவையிலேயே உறுமியது. "பரவால்ல, கெடுத்தாலும் சரி பண்ணத் தெரியுது" என்றார் சரவணனின் அம்மா. சம்மதம் அப்படித்தான் கிடைத்தது.

இப்போது செமினியில் சந்தோஷமாக இருக்கிறேன். தாண்டிப் போன பாடங்களையெல்லாம் திரும்பப் போய்ப் படித்துவிட்டேன். ஆனாலும் நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், அத்தை எழுந்துபோய், காரைக் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிறுத்திவிட்டு வந்துவிடுகிறார்.