டாக்டர் வெண்டல் பராமரித்த பிரேக்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அதை நிறுத்தும் கலையைப் பூரணமாக்கிய பெருமை விஸ்கான்சின் பல் மருத்துவர் வெண்டல் தார்ஸ்கார்டையே சேரும். மாதம் ஒரு சனிக்கிழமை தம் காரைப் பந்தயத் தடத்தில் விரட்டுபவர் அவர். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. வேகமாகப் போய், வளைவில் பிரேக்கை மிதித்து, உயிரோடு திரும்புவதே இன்பம்.

இந்த முறை பக்கத்தில் உட்கார மனைவி கோரின் சம்மதித்திருந்தாள். பதினொரு வருடக் கெஞ்சலின் பலன். ஆகவே வெண்டல் 'முழுமையான பராமரிப்பில்' இறங்கினார். சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். மூன்று பூச்சு சிவப்பு. அதன்மேல் வெள்ளையில் தம் பெயர். உள்ளே ரப்பர் வளையங்கள் வெந்து வெடித்திருந்தன. அவை வெளியே தெரியாதவை என்பதால் அவற்றின் மீதான நடவடிக்கை ஒத்திவைக்கப்பட்டது.

மாட்டிய பிறகுதான் ஒரு நிர்வாகச் சிக்கல்: முன்சக்கரங்களில் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. வெண்டல் அசரவில்லை. இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கத்திலும், வலப்பக்கக் காலிப்பரை இடப்பக்கத்திலும் மாட்டினார். பெயர் நிமிர்ந்தது.

தடத்தில் அடுத்த கார்க் கொட்டகைக்காரர் லைல், முப்பது வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர், குனிந்து பார்த்தார்.

"டாக்டர், பிரேக் ஆயில்ல சேர்ற காத்தை எடுக்கிற திருகு கீழ வந்துடுச்சே. காத்து மேலதான் நிக்கும். எவ்வளவு ஆயில் எடுத்தாலும் போகாது, பிரேக் பிடிக்காது. மாத்திப் போடுங்க."

"மாத்தினா பேரு தலைகீழாத் தெரியுமே."

"வண்டி கவுந்தா நேராத் தெரியும்," என்றார் லைல்.

பொறாமை பலவிதம் என்று வெண்டல் பெருந்தன்மையோடு மன்னித்தார். பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கியதை மனைவியின் சௌகரியத்துக்கான 'மென்மை' என்று கருதினார்.

மூன்றாம் வளைவில் மிதி தரையைத் தொட்டது. பிரேக் வெளிநடப்புச் செய்தது. கார் புல்லைத் தாண்டி, ஜல்லிப் படுக்கையில் வயிறுவரை புதைந்து நின்றது. இருவருக்கும் ஒரு கீறலில்லை. ஆனால் கோரினுக்குக் கதவுப்பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்க வெகுநேரம் ஆயிற்று. செத்தோம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

ஓடிவந்த, தடத்தை நடத்தும் கார்ச் சங்கத்தின் செயலாளரிடம், "இந்த வண்டியைச் சோதிச்ச ஆளை எனக்குக் காட்டுங்க," என்றாள்.

அவர் பக்தியோடு ஒரு படிவத்தை நீட்டினார். அவரவர் வண்டியை அவரவரே சோதித்துக்கொள்வது சங்கத்தின் உயரிய மரபாம். 'பிரேக்: மிகச் சிறப்பு' என்பதற்கு எதிரே வெண்டலின் கையெழுத்து. கோரின் கடைசி வரிவரை படித்தாள். 'ஆபத்தை அறிந்தே உடன் செல்கிறேன்.' அதன் கீழே அவள் பெயர்.

"இது நான் போட்டதில்ல, வெண்டல்."

"வரிசை நீளமா இருந்துச்சு. நீ காபி வாங்கப் போயிருந்தே..."

"பிரேக் நல்லாருக்குன்னு எழுதினே, சரி, அது உன் பொய். எனக்குச் சாகச் சம்மதம்னு நீ எப்படி எழுதினே?"