பதினெட்டு முதுகு

பதினெட்டு முதுகும் இருந்தன, பதினெட்டு முன்பக்கமும் இருந்தன. எந்த முதுகு எந்த முன்பக்கத்தோடு சேரும் என்பதுதான் வீரலட்சுமிக்குத் தெரியவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் பன்னிரண்டு வருஷமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள் அவள். வாடிக்கைக்காரி ஒவ்வொருத்திக்கும் பழைய வாரப் பத்திரிகைத் தாளில் முன்பக்கம், முதுகு, கை என்று அளவு வெட்டி, நூலால் கட்டி, அடையாளத்துக்கு அவளுடைய துணித் துண்டு ஒன்றைச் செருகிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். பார்க்கக் குப்பைதான். ஆனால் கையை விட்டால் கேட்டது வரும்.

அது பொறுக்கவில்லை அவள் புருஷன் செல்லப்பாவுக்கு. மிளகுக் கிடங்கில் வேலை அவருக்கு.

"கிடங்குல மிளகு ஒரு பக்கம், சுக்கு ஒரு பக்கம். எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டுனா முதலாளி என்னைய வச்சிருப்பாரா?"

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து கட்டுகளை அவிழ்த்தார்கள். முன்பக்கமெல்லாம் ஒரு பெட்டி, முதுகெல்லாம் ஒரு பெட்டி, கையெல்லாம் ஒரு பெட்டி. துணித் துண்டுகள் நிறவாரியாக ஒரு தகர டப்பாவில். வீடு பளிச்சென்று ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் அடுத்த தெரு சஃபியா வந்தாள். வரும் ஞாயிறன்று அவள் கொழுந்தனுக்கு நிக்காஹ். வீட்டுப் பெண்கள் நாலு பேருக்கும் ஜாக்கெட் துணியை அவள் புருஷன் குவைத்திலிருந்து அனுப்பியிருந்தார்.

"பாத்து வெட்டணும் அக்கா. இங்க எந்தக் கடையிலயும் இது கிட்டாது. அளவெல்லாம் உங்ககிட்ட உண்டல்லோ?"

"இப்பத்தான் அழகா அடுக்கி வச்சிருக்கேன்" என்று பெருமையோடு பெட்டியைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள்.

சஃபியா போனதும் செல்லப்பா சாதாரணமாகச் சொன்னார்: "போய் அளவெடுத்துட்டு வந்துரு."

"பன்னிரண்டு வருஷமா தச்சிட்டு, இப்பப் போய் அளவு கேட்டா என்ன நெனைப்பாங்க? தொழிலே போச்சு!"

செல்லப்பா யோசித்தார். "ஒருத்திக்கு வெட்டுனது ஒரே பேப்பர்தானே? அப்ப சேதி எங்க அறுபடுதோ, அங்கதான் அடுத்த துண்டு சேரும்."

அத்தனையும் மலையாளத் தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அவருக்குத் தெரியும். வேலை விட்டு வந்ததும் தரையில் பரப்பிப் படிக்க ஆரம்பித்தார். ஒரு முன்பக்கத்தில் தொடர்கதை. கல்யாண வீட்டிலிருந்து மணப்பெண் ஓடிப்போகிறாள். எங்கே ஓடினாள்? தேடித் தேடி ஒரு கையில் கண்டுபிடித்தார்கள். ஆலப்புழைப் படகுத்துறையில் நிற்கிறாள். படகில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் அவளையே பார்க்கிறான்.

"யாருங்க அவன்?" என்றாள் வீரலட்சுமி. அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது.

"அந்த முதுக எடு, பாப்போம்."

புதன்கிழமைதான் தெரிந்தது, அவன் அவளைப் பெற்ற தகப்பன் என்று. வீரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதை நூல் பிடித்ததுபோல் நேராக வந்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தார்கள், அது வாராவாரம் வந்த கதை. யாரோ ஒருத்தியின் முன்பக்கத்தில் ஓடிப்போனவள் இன்னொருத்தியின் கைவழியாகப் போய் மூன்றாமவளின் முதுகில் கரையேறியிருந்தாள். ஒரே கட்டாக இருந்தபோது விழுந்த பழைய மடிப்பை வைத்து நாலைந்து பேரின் அளவையாவது வீரலட்சுமி கண்டுபிடித்திருப்பாள். படிப்பதற்காக செல்லப்பா அந்த மடிப்பையெல்லாம் உள்ளங்கையால் தேய்த்து நேராக்கிவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் சஃபியா வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே சஃபியாவை இறுகக் கட்டிக்கொண்டாள். விரல்கள் முதுகுக்குப் பின்னால் நிதானமாக அளவை எண்ணின.

"எந்தா அக்கா? திங்கக்கிழமை கண்டதுதானே?"

"நிக்காஹ் வீடுல்லா, சந்தோஷம்!" என்று உள்ளே போய்ச் சஃபியாவின் நாத்தனார் சுல்ஃபத்தை, பிறகு ஓரகத்தியை, கடைசியில் மாமியாரை. மாமியாரைச் சுற்றிக் கை எட்டவில்லை. இரண்டு முறை முயன்றாள்.

"இவளுக்கு எந்தா ஆச்சு?" என்று மாமியார் கேட்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வழியில் யாரோடும் பேசாமல், கைகளை வளைத்த வாக்கிலேயே வீட்டுக்கு ஓடி வந்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. வந்ததும் தலையணையைக் கட்டிப் பிடித்துக் காட்ட, செல்லப்பா டேப் வைத்து அளந்தார்.

"மாமியாருக்கு?"

"ரெண்டாவது தலையணையையும் கொண்டாங்க."

பஞ்சு அமுங்கியது. நாலு தடவை அளந்ததில் நாலு கணக்கு வந்தது. வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு குவைத் துணியில் கத்தரியை வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் பொட்டலத்தைச் சஃபியா வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வந்துவிட்டாள்.

"நான் நிக்காஹுக்கு வரல்ல."

"வராட்டாத்தான் சந்தேகப்படுவாங்க" என்று செல்லப்பா இழுத்துக்கொண்டு போனார்.

பந்தல் மூங்கிலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நாலு பேரும் குவைத் துணியில்தான் இருந்தார்கள். தோளில் சுருக்கமில்லை, கையில் பிடிப்பில்லை. மாமியார்கூடத் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எப்படி என்று வீரலட்சுமி வியந்துகொண்டிருக்கும்போதே சுல்ஃபத் அவளைக் கண்டுபிடித்து ஓடி வந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"பன்னிரண்டு வருஷத்துல இந்த ஒரு தடவதான் அக்கா, நீங்க தச்சத பிராட்வே டெய்லர்கிட்டக் கொண்டுபோய்ப் பிரிச்சுத் தைக்காம அப்படியே போட்டுருக்கோம்!"