நான் சிக்கனம் பிடித்த வெந்நீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்ற படிப்பு, இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகளின் பிரசவத்துக்காக நான் ஈரோட்டிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் பிரிட்ஜ்வாட்டருக்குப் போனது தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, நல்ல கோடை. மகன் அப்போதுதான் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தான். வீட்டுக்கு அடியில் ஒரு அறை, அதில் எண்ணெயில் எரியும் பாய்லர். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது, வருஷம் முழுக்க வெந்நீர் கொடுப்பது எல்லாம் அதுதான். அதன் சுவிட்ச் மேலே, கீழறைக்கு இறங்கும் படிக்குப் பக்கத்தில் இருந்தது. சிவப்புத் தகடு. அதில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

ஊரில் கெய்சரை எப்படிப் புழங்கினேனோ அப்படியே இதையும் புழங்கினேன். விடிந்ததும் போடுவேன். நானும் மகனும் குளித்த பிறகு அணைத்துவிடுவேன். எண்ணெய் மிச்சமாகிறது என்று எனக்குள் ஒரே பெருமை. (யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்தால் சொல்லிக் காட்டக் கூடாதல்லவா.)

நிறைமாத மருமகள் பத்து மணிக்குத்தான் குளிக்கப் போவாள்.

"அத்தை, இன்னிக்கும் தண்ணி சில்லுன்னு வருதுங்க."

"அமெரிக்கா மெஷினு அவ்வளவுதான் கண்ணு. நான் அடுப்புல வெச்சுத் தர்றேன்."

இட்லிக் குண்டானில் காய வைத்துத் தூக்கிக்கொண்டு போவேன், அந்த மெஷினைத் திட்டிக்கொண்டே.

நாள் நெருங்கியது. "குழந்தையக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இது சரியாகணும். பச்சத்தண்ணில எப்படிக் குளிப்பாட்டறது?" என்று மருமகள் ஒரு நாள் அழுதுவிட்டாள். மகன் லீவு போட்டு மெக்கானிக்கை வரவழைத்தான். பாய்லரையே தூக்கிவிடலாமா என்றுகூட யோசனை.

காலையிலேயே அந்த வெள்ளைக்காரர் வந்தார். அவரும் மகனும் கீழே இறங்கினார்கள். பாய்லர் எரியும் சத்தம் மேலே கேட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரும் குளித்தாயிற்றே. (மருமகளா? அவளுக்குத்தான் குண்டான் இருக்கிறதே.) போய் அணைத்தேன்.

சத்தம் நின்றது. கீழே பேச்சும் நின்றது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். இரண்டு முகங்கள் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் கை இன்னும் சுவிட்சில்தான் இருந்தது.

"அம்மா, தெனமும் இதைத்தான் பண்றீங்களா?"

"குளிச்சா அணைக்க வேண்டாமா சாமி?"

மகன் அதை இங்கிலீஷில் சொல்ல, அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்குப் பின்னால் மருமகள் நின்றிருந்தாள். திரும்பவே பயமாக இருந்தது.

"ஏனுங்கத்தை, தண்ணிய ஆற வெச்சதும் நீங்க, குண்டான் தூக்குனதும் நீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் அந்தப் பழைய பாய்லரிலும் ஒரு குறை இருந்தது. அடுத்தடுத்து இரண்டு பேர் குளித்தாலே சூடு குறையும் என்று சொல்லி, மெக்கானிக் இரண்டு வழி காட்டினார். வெந்நீருக்கென்று கரண்டில் ஓடும் தனி டேங்க் வைக்கலாம், கோடையில் பாய்லருக்கு ஓய்வு கிடைக்கும். இல்லையென்றால் பாய்லரே சூடாக்கிக் கொடுக்கும் டேங்க் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தலாம். மகன் கரண்டுப் பக்கம் சாய்ந்தான். மருமகள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கத்தை. பிள்ளையக் குளிப்பாட்டப் போறது நீங்கதானே."

அந்த வீட்டில் ஒரு மெஷினைப் பற்றி என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் இவ்வளவு செய்த பிறகு. மகன் பக்கம் திரும்பினேன்.

"ஒரு பக்கெட் தீந்தா அடுத்தது எதுல சீக்கிரம் காயும்னு கேளு தம்பி."

"பாய்லர் டேங்க்லதானாம்."

"அப்ப அதுவே இருக்கட்டும்."

மகன் அவரிடம் இன்னொன்றும் கேட்டுக்கொண்டு வந்தான். "யாராச்சும் அணைச்சுட்டாக்கூட சாயங்காலம் வரைக்கும் சூடு நிக்குமாம். நம்ம வீட்டுக்கு இதுதான் சரி."

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்தபோது டேங்க் தயாராக இருந்தது. கால்மேல் போட்டு வெதுவெதுப்பாக ஊற்றினேன். அழவே இல்லை. இப்போது வளர்ந்துவிட்டாள். தெருவில் எங்கே கரண்டு போனாலும் மொத்தக் குடும்பமும் என் பக்கம் திரும்புகிறது. "அப்பத்தா, வாஸ் இட் யூ?" என்கிறாள் அவள்.

எந்த வருஷம், டேங்க் எத்தனை கேலன் என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. மகன் படித்துப் பார்த்துத் திருத்தட்டும். சுவிட்ச் விஷயத்தில் மட்டும் அவன் ஏதாவது கூட்டி எழுதினால் நம்பாதீர்கள்.