வாசலில் நிற்க ஓர் ஆள்

"இறங்குங்க கோபஸ். உங்கள நிக்கத்தான் சொன்னேன், ஏறச் சொல்லல."

உதடு அசையாமல் சொன்னாள் லிண்டெல்வா. கோபஸ் ஏணியின் மூன்றாவது படியில் கண்களை இறுக மூடியபடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த சார்தான் மேடம் ஏறிப் பாருங்கன்னாரு. ஏறிட்டேன். இப்ப கால் கீழ வரமாட்டேங்குது."

அந்த சார், விடுதியின் வில்மோட் என்ற வெள்ளைக்காரர், சற்றுத் தள்ளி நின்று மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நிதானமா யோசிக்கிறார் பாரும்மா," என்றார் லிண்டெல்வாவிடம். "இந்தக் காலத்துல யாரு இப்படி வேலை பாக்கறா?"

கூரை போடும் கம்பெனி லிண்டெல்வாவுடையது. வேன், ஏணி, ஆணி எல்லாமே அவளுடையவை. கோபஸ் மட்டும் நாள்கூலி.

தென்னாப்பிரிக்காவின் கொமானி ஊரில் எந்த வீட்டுக் கூரை எங்கே ஒழுகும் என்று தரையில் நின்றே சொல்லிவிடுவாள். ஆனால் அதைச் சொல்ல உள்ளே விட வேண்டுமே. கறுப்புப் பெண்ணான அவளே போய் நின்றால், துணி துவைக்க ஆள் வேண்டாம் என்று ஜன்னலிலிருந்தே பதில் வரும். மேஸ்திரி தெம்பாவை அனுப்பிப் பார்த்தாள். ஆம்பளை என்பதால் கேட் வரை வந்து பேசினார்கள், 'உங்க முதலாளி எப்ப வருவார்' என்று கேட்பதற்கு.

போன வாரம்தான் கோபஸைப் பிடித்தாள். பறவைத் தீனிக் கடையில் வேலை பார்த்தவர்; கடை மூடிவிட்டது. காக்கி அரை டிராயர், முழங்கால் வரை சாக்ஸ், சாக்ஸுக்குள் செருகிய சீப்பு, வெயிலில் சிவந்த வெள்ளைக்காரக் கழுத்து. அவர் போய் நின்றதும் கேட் திறந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை.

இந்த விடுதிதான் முதல் பெரிய வேலை. இதுவும் கை நழுவினால் தெம்பாவும் மற்ற மூன்று பேரும் திங்கட்கிழமை கேப் டவுன் பஸ் ஏறிவிடுவார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. ஆள் இல்லாத ஏணியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஒருவழியாகக் கோபஸை இறக்கி வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க," என்றார் வில்மோட், கோபஸைப் பார்த்து. "எதனால ஒழுகுது?"

கோபஸ் கூரையைப் பார்த்தார். சாக்ஸிலிருந்து சீப்பை உருவித் தலை வாரினார்.

"தண்ணி மேலேருந்து கீழ வருது."

"நானும் அதான் நினைச்சேன்," என்றார் வில்மோட்.

லிண்டெல்வாவால் பொறுக்க முடியவில்லை. "தகரத்துல தப்பில்ல சார். ரெண்டு கூரையும் சேர்ற பள்ளம் துருப்புடிச்சிருக்கு. அத மாத்தினா போதும்."

வில்மோட் கோபஸிடம் திரும்பினார். "அப்படியா?"

"அப்படித்தான்."

"பொண்ணை நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க."

நாற்பத்து மூன்று வயதில் லிண்டெல்வா பொண்ணானாள். டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

டீக்கு மட்டும் குறைவில்லை. பதில் சொல்லவேண்டிய இடம் வந்தாலே வில்மோட் உள்ளே பார்த்து டீ கேட்டார்.

"எத்தனை ரூம் சார் நனையுது?"

"டீ கொண்டா."

"எப்ப ஆரம்பிக்கலாம்?"

"இன்னும் கொஞ்சம் டீ."

ஒவ்வொரு முறையும் தலைத்துணி கட்டிய ஒரு கறுப்பின அம்மாள் தட்டோடு வந்து, வில்மோட்டின் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனாள். நிமிர்ந்து பார்க்காமலே காலிக் கோப்பையை நீட்டினாள் லிண்டெல்வா. அவள் கவலை அவளுக்கு.

கோபஸுக்கு இதற்குள் தைரியம் வந்துவிட்டது. "ஒரே நாள்ல முடிச்சிடலாம் சார். மொத்தக் கூரைக்கும் பச்சைப் பெயிண்ட் நம்ம செலவு."

"பச்சை நல்ல கலர்."

லிண்டெல்வா மேசைக்கு அடியில் ஓங்கி ஓர் உதை விட்டாள். துள்ளியவர் வில்மோட்.

"யாரு அது?"

"என் கால்தான் சார்," என்றார் கோபஸ்.

"ஓ, நீங்களா? பரவால்ல, பரவால்ல." சிரித்தேவிட்டார்.

கோபஸை அடுப்படி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே அந்த அம்மாள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி அள்ளி விடறீங்க?"

"என்ன சொன்னாலும் தலையாட்டறாரு மேடம். எத்தனையோ வருஷம் கிளித்தீனி வித்தேன், கிளிகூட என் பேச்சக் கேட்டதில்ல." சட்டென்று குரல் இறங்கியது. "எனக்கே பயமா இருக்கு. நான் ஒண்ணுமே செய்யல. எல்லாரும் நன்றி சொல்றாங்க. இது எப்பலேருந்து நடக்குது?"

"உங்களுக்கா? நீங்க பொறந்ததுலேருந்து."

கோபஸ் சீப்பை எடுத்தார். வாராமல் திருப்பிச் செருகினார்.

லிண்டெல்வா அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இங்க முடிவெடுக்கறது அந்த ஐயாவா, அவர் சம்சாரமா?"

"அவருக்குச் சம்சாரம் இல்ல," என்றாள் அந்த அம்மாள். "டீக்குச் சர்க்கரை சரியா இருந்துச்சா?"

வராந்தாவுக்குத் திரும்பினாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை வாளி பச்சைப் பெயிண்ட் வாங்குவது?

"சார், கம்பெனி என்னுது. இவர் என்கிட்ட கூலிக்கு வந்தவரு. பெயிண்ட் கிடையாது. ஒரு நாள்ல முடியாது, மூணு நாள் ஆகும். ஆனா ஒழுகாது."

வில்மோட்டின் முகம் வெளுத்தது. அடுப்படியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"நான் கிளம்பணும். சாப்பாட்டு நேரம்."

கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தார். நாய் வாலை ஆட்டி வழியனுப்பியது.

"போச்சா மேடம்?" என்றார் கோபஸ்.

லிண்டெல்வா தெம்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் தட்டோடு வந்தாள். வில்மோட்டின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டாள்.

"மூணு நாள்ங்கறது சரிதான். அந்தப் பள்ளத்து வேலைய எப்ப ஆரம்பிப்பீங்க தங்கச்சி?"

"அத முதலாளி வந்ததும் அவர்கிட்டயே பேசிக்கறேன்க்கா." பழக்கத்தில் காலிக் கோப்பையை நீட்டினாள் லிண்டெல்வா.

அந்த அம்மாள் அதை வாங்கி நிதானமாக மேசையில் வைத்தாள்.

"உங்க ஆள எங்க புடிச்சீங்க தங்கச்சி? நான் கூலிக்குப் புடிச்ச ஆளு சாப்பாட்டு நேரம் ஆனா ஒரு நிமிஷம் நிக்கமாட்டேங்கிறாரு."