கடல்பன்றி வாங்கிக்கொண்ட பெயர்

மரியாதைக்குரிய கீழ்பென்னாத்தூர் மச்சான் முருகையன் அவர்களுக்கு, செங்கம் ரோட்டிலிருந்து மண்ணாங்கட்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். மலையும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் தங்கை பாஞ்சாலைக்கும் எங்கள் மகள் அருணாதேவிக்கும் நின்றுபோயிருந்த பேச்சுவார்த்தை மறுபடி ஆரம்பித்துவிட்டது. அதனால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

வேர்க்கடலை பிடுங்க வேண்டும் என்று சொல்லி, பேத்திக்குப் பேர் வைக்கும் நாளுக்கு நீங்கள் வராமல் தப்பித்துக்கொண்டீர்கள். ஆனால் போனில், "வேண்டிக்கினு பேரை மாத்தினா குழந்தைக்கு ஆகாதும்மா" என்று தங்கையிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களே, அதில்தான் பற்றிக்கொண்டது. அருணாவின் முதல் குழந்தை தங்கவில்லை. அடுத்தது தங்கினால் யார் கண்ணும் படாதபடி குப்பம்மா என்று பேர் வைப்பதாகப் பாஞ்சாலை கிரிவலத்தில் வேண்டிக்கொண்டவள். அருணாவோ நிறைமதி என்று ஆசையாகப் பொறுக்கி வைத்திருந்தாள். "குப்பம்மானா ஸ்கூல்ல சிரிப்பாங்க. அந்தப் பேருதான்னா எம் பொண்ணைத் தூக்கிக்கினு போயிடறேன், இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள். "எங்கியோ போ, குழந்தை உசுரோட இருந்தா போதும்" என்றாள் இவள். நடுவில் நான். எனக்கு முன்னால் பிறந்தவர்கள் தங்காததால்தான் எனக்கு இந்தப் பேர் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பேங்கில் என் பேரைக் கூப்பிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். பேத்திக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால், "அந்தப் பேரு வச்சதாலதான நீ இன்னிக்கு நின்னு பேசற" என்று பாஞ்சாலை என்னையே சாட்சியாக்கிவிடுகிறாள்.

பேர் வைக்கும் அன்று காலையில் அருணா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, ஆசிரமத்துக்கு வந்து நம் மாடியில் வாடகைக்கு இருக்கும் மூவரும் குழந்தைக்கு ஒரு டால்பின் பொம்மையோடு இறங்கி வந்தார்கள். ஒரு சீனப் பெண், ஒரு ஜப்பான்காரர், ஒரு கொரியாக்கார அம்மா. "உங்க ஊர்ல இதுக்கு என்னா பேரு?" என்று பாஞ்சாலை மரியாதைக்குக் கேட்டாள். அருணா இங்கிலீஷில் விசாரித்து, அம்மாவிடம் பேச்சில்லாததால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சீனத்தில் கடல்பன்றியாம். ஜப்பானில் வாயால் சொல்வது இருகா, எழுதும்போது அதே கடலும் பன்றியும்தானாம். கொரியாவில் தோல்கொரே, பன்றித்திமிங்கிலம் என்பதிலிருந்து வந்ததாம்.

பாஞ்சாலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இவ்ளோ அழகா கீறத மூணு தேசமும் பன்னின்னா கூப்பிடுது? விஷயம் தெரிஞ்சவங்க. கண்ணு படக் கூடாதுன்னு வச்சிருக்காங்க." உருண்ட உடம்பைப் பார்த்து வைத்திருப்பார்கள் என்று ஜப்பான்காரர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. சீல் என்கிற கடல் பிராணி சீனத்தில் கடல்சிறுத்தை, கொரியாவில் தண்ணீர்ப்புலி, தந்தம் வைத்த வால்ரஸ் கடல்யானை என்று அவர்களிடம் கேட்டு அருணா அடுக்கினாள். "அதுங்க மூஞ்சிக்கு எவன் கண்ணு வைப்பான்? அதான் தைரியமா புலி, யானைன்னு வச்சுட்டாங்க" என்று அதற்கும் பாஞ்சாலை பதில் வைத்திருந்தாள்.

பிறகு பொம்மையைத் தூக்கிப் பார்த்தாள். "பன்னின்னு பேர் வாங்கிப் பழகினது, இன்னொரு பேரும் தாங்கும். எம் பேத்தி திருஷ்டிய இதுவே வாங்கிக்கட்டும்" என்றாள். பிள்ளை தங்காத வீட்டில் குழந்தைக்குச் செய்வதுபோல, பொம்மையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தி, ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்கி, தொட்டிலில் போட்டு, அதன் காதில் குப்பம்மா என்று மூன்று தரம் கூப்பிட்டாள். சீனப் பெண் எல்லாத் தமிழ் வீட்டிலும் பொம்மைக்கு இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துப் பக்தியோடு வீடியோ எடுத்தது. அடுத்து பாஞ்சாலையே பேத்தியை மடியில் போட்டு, "நிறைமதி" என்றாள். அருணா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டி உள்ளே போனது. எனக்கும் கண்ணீர் வந்தது மச்சான், மறைக்கவில்லை.

அண்ணாமலையார் புண்ணியத்தில் நீங்கள் பிடுங்கிய கடலைக்கு நல்ல விலை கிடைக்கட்டும். வீட்டில் அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கும்
மண்ணாங்கட்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நிறைமதி என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் குழந்தை திரும்புவதில்லை. நேற்று பொம்மையைக் காணோம் என்று அருணா, "குப்பம்மா எங்க?" என்று குரல் கொடுக்க, குழந்தை திரும்பிப் பொக்கைவாய் காட்டிச் சிரித்தது. அதிலிருந்து அருணாவே, "எங் குப்பம்மா, எங் குப்பம்மா" என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். பாஞ்சாலை கற்பூரம் ஏற்றினாள். பாழாய்ப் போகக் கூடாதே என்று நிறைமதியைப் பொம்மைக்கு வைத்துவிட்டோம். வரும்போது குப்பம்மாவுக்கு ஒரு கவுன் வாங்கி வாருங்கள். நிறைமதிக்கு வேண்டாம், அதற்கு வால் இருக்கிறது.